நாலு நிமிஷம் உட்கார முடியுமா?

சில வருஷங்களுக்கு முன்னால், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மதியம், பெரியம்மா இறந்துபோனாள். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் உள்ள கரிசல் கிராமம் எங்களுடையது. பந்தல் போட்டாயிற்று. சொந்தபந்தங்களுக்குத் தகவல் சொல்லியாயிற்று. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு டவுனிலிருந்து போன் வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. எழுபத்திரண்டு வருஷம் வாழ்ந்த மனுஷிக்குத் தனியாக ஒரு போட்டோ இல்லை.

பீரோவைக் குடைந்தோம். கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம், சடங்கு வீட்டு ஆல்பம் என்று நாலைந்து கிடைத்தன. எல்லாவற்றிலும் பெரியம்மா இருந்தாள். எதிலும் முழுசாக இல்லை. ஒரு படத்தில் தாம்பாளத்தோடு குனிந்திருந்தாள். இன்னொன்றில் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றி. பந்தியில் எடுத்த படம் ஒன்றில் சாம்பார் வாளி தெரிந்தது, வாளியைப் பிடித்திருந்த கை தெரிந்தது. வளையலை உற்றுப் பார்த்துவிட்டு, "இது அம்மா கைதான்" என்றான் அண்ணன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கடைசியில் ஒரு குரூப் போட்டோவில் நகத்தளவு இருந்த முகத்தை வெட்டியெடுத்து, வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டி, பட்டுச்சேலை கட்டி அனுப்பி வைத்தார்கள். போஸ்டரில் இருந்தவள் கழுத்தில் கல் அட்டிகை மின்னியது. பெரியம்மா ஆயுசுக்கும் அப்படி ஒன்றைப் போட்டதில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு அவளுடைய பேத்தி கேட்டாள்: "இது யாரு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து என் செல்போனைத் திறந்து பார்த்தேன். நாலாயிரத்துச் சொச்சம் படங்கள். டீக்கடை, மழை, நாய்க்குட்டி, ரயில்வே டைம் டேபிள், தொலைந்துவிடக் கூடாதே என்று எடுத்துவைத்த ரசீதுகள். என் அம்மா பதினொரு படங்களில் இருந்தாள். ஒன்பது, விசேஷ வீடுகளில் எடுத்தது. மிச்சம் இரண்டில் கண்ணை மூடியிருந்தாள். தினமும் அவள் கையால் சாப்பிடுகிறவன் நான்.

ஒரே கூரைக்குக் கீழே நாற்பது வருஷம் இருந்துவிட்டு, ஒருவரைப் பார்க்காமலே இருக்க முடியுமா? உங்கள் போனையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் கோடை விடுமுறைக்குத் தங்கை மகன் ஊருக்கு வந்தான். கல்லூரியில் படிக்கிறவன். பையில் நாலு பிலிம் ரோல் கொண்டுவந்திருந்தான். பிலிம் என்பதே செத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு ஆச்சரியம். ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் பிலிம் தயாரித்துக்கொண்டிருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே மூடப்பட்டுவிட்டது. ஆனால் வெளிநாட்டுக் கறுப்பு வெள்ளை ரோல் இன்றைக்கும் விலைக்குக் கிடைக்கிறது.

"கேமரா எங்கடா?" என்றேன்.

"உங்க ஊர்லதானே மாமா செய்றாங்க" என்று சொல்லிவிட்டு, சாமி மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கினான்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். இல்லை. தீப்பெட்டியில் கேமரா செய்து படம் எடுக்கிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்களாம். லென்ஸ் கிடையாது. ஊசியால் குத்திய ஒரு துளை, அவ்வளவுதான். ஏப்ரல் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஊசித்துளைப் படத்துக்கான நாள் என்று 2001 முதல் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு எடுக்கத்தான் ரோலோடு வந்திருந்தான்.

தீப்பெட்டியைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பொய்க்கிற பூமி இது. கம்பும் பருத்தியும் உளுந்தும் வானத்தைப் பார்த்து விதைக்கிற புஞ்சை. விவசாயத்துக்குச் சாபமாக இருக்கிற அதே காய்ந்த வெயில்தான் குச்சியையும் மருந்தையும் சீக்கிரம் உலர்த்தும். 1920களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்த பிறகு, இந்த வட்டாரம் முழுக்க அது பரவியது. எங்கள் பக்கம் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். ஆபீஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். போக முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள். என் அம்மாவும் ஒட்டினாள். கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் நூற்று நாற்பத்து நாலு பெட்டி. 2007-ல் ஒரு ரூபாய் ஆன பெட்டி, பதினாலு வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த விலையைச் சொன்னாலே அதை ஒட்டிய விரல்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

கேமரா செய்ய ஒரு மணி நேரம் ஆனது. அடிப்பெட்டியின் நடுவில் ஒரு சதுரம் வெட்டி, உள்ளே கறுப்பு மை தீட்டினான். கூல்டிரிங்ஸ் டின்னிலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதில் ஊசிமுனையால் மெல்லத் திருகித் துளையிட்டான். குத்தக் கூடாது, திருக வேண்டும். துளை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கலாம். பிசிறு இருந்தால் படம் கெட்டுப்போகும். அந்தத் தகட்டை மேல்பெட்டியில் ஒட்டினான். ஒரு பக்கம் பிலிம் ரோல், மறுபக்கம் காலி ரோல், நடுவில் தீப்பெட்டி. வெளிச்சம் புகாதபடி சுற்றிலும் கறுப்பு டேப். துளைக்கு மேல் ஒட்டிய ஒரு டேப் துண்டுதான் ஷட்டர். தூக்கினால் திறந்தது, ஒட்டினால் மூடியது.

இதில் என்ன சூட்சுமம் என்று கேட்பீர்கள். ஒன்றுமே இல்லை. வெளிச்சம் நேர்கோட்டில் போகும். மேலேயிருந்து வருவது துளை வழியே கீழே விழும், கீழேயிருந்து வருவது மேலே போகும். அதனால் வெளியே இருக்கிற உலகம் பெட்டிக்குள் தலைகீழாக விழுகிறது. இரண்டாயிரத்து நானூறு வருஷங்களுக்கு முன்பே சீனாவில் மோ ட்சூ என்ற அறிஞரின் பெயரால் வழங்கும் நூலில் இது பதிவாகியிருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைத்தம் என்ற அரபு அறிஞர் கிரகணத்தின்போது சூரியன் இப்படி விழுவதை ஆராய்ந்து எழுதினார். ஹம்பி விருபாட்சர் கோவிலில், கோபுரத்தின் நிழல் ஓர் இருட்டறைச் சுவரில் தலைகீழாக விழுவதை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2010 ஜனவரி 15, தை அமாவாசை அன்று தென்தமிழ்நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. மதியம் ஒன்றேகால் மணி வாக்கில் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் நின்றேன். தரையெல்லாம் வளையல் வளையலாக வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. இலைகளுக்கு நடுவே இருந்த ஒவ்வொரு சந்தும் ஒரு ஊசித்துளை. ஒவ்வொரு வளையமும் ஒரு சூரியன். மற்ற நாளில் அதே மரத்தடியில் வட்ட வட்டமாக விழுவதும் சூரியனின் படம்தான். வெயில் பொட்டு என்று நினைத்து அதன் மேல் இத்தனை நாளும் நடந்துபோயிருக்கிறோம்.

முதல் ரோல் வீணாகப்போனது. ராத்திரி குளியலறை ஜன்னலைப் போர்வையால் மூடி, கும்மிருட்டில் பிலிமைச் சுற்றி, டெவலப்பரும் ஃபிக்ஸரும் ஊற்றிக் கழுவினான். படங்களின் குறுக்கே தீப்பற்றியது போல ஒழுங்கில்லாத கோடுகள். எங்கேயோ வெளிச்சம் கசிகிறது. பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடிபடவில்லை.

அந்த வழியாகச் சொளகோடு போன அம்மா நின்றாள். "இங்க கொண்டா" என்று வாங்கினாள். கண்ணுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை. கட்டைவிரலால் விளிம்பை ஒரு தடவு தடவினாள்.

"இந்த மூலைல வாய் பிரிஞ்சிருக்கு பாரு. யாரு மடிச்சது இத? மடிப்பே சரியில்லையே."

மைதாவைக் காய்ச்சிப் பசை எடுத்தாள். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுவார்களாம், இதற்கு அது வேண்டாம் என்றாள். கறுப்புக் காகிதத்தை மடித்து, இரண்டு விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். பெட்டி ஒட்டிக்கொண்டது. அவள் கை பெட்டி ஒட்டி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. விரல் மறக்கவில்லை.

"ஆச்சி, நீங்க கேமரா எஞ்சினியர்" என்றான் பேரன்.

"போடா கோட்டிப்பயலே" என்று சொல்லிவிட்டு அவள் சோலியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கசிவே இல்லை. பையன் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான். வெளியில் போய்க் கோவிலையும் மலையையும் எடுக்கக் கூடாது, வீட்டில் இருப்பதை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. முதல் நாள் ஜன்னல் திட்டில் பித்தளைச் சொம்பு. இரண்டாம் நாள் வாசல்படியில் கழற்றிப்போட்ட செருப்புகள். மூன்றாம் நாள் மூலையில் கவனிப்பாரற்றுக் கிடக்கிற அம்மி. வெயிலில் என்றால் ஒரு விநாடி, இரண்டு விநாடி போதும். வீட்டுக்குள் என்றால் நிமிஷக் கணக்கு. அந்த நேரம் முழுக்கக் கேமராவை ஆட்டக் கூடாது. ஒரு செங்கல்லை அண்டை கொடுத்து வைத்துவிட்டு, டேப்பைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அந்தச் 'சும்மா'தான். ஒரு சொம்பை மூன்று நிமிஷம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்களா? முதல் நிமிஷம் அது சொம்பு. இரண்டாவது நிமிஷத்தில் அதன் வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிகிறது. மூன்றாவதில், கழுத்தில் இருக்கிற நசுங்கல் கண்ணில் படுகிறது. அது எப்போது, யார் கையிலிருந்து விழுந்தது என்று யோசிக்கத் தொடங்குகிறீர்கள்.

இரண்டாவது பாடம், ஊசித்துளைக்குப் பாரபட்சம் கிடையாது என்பது. லென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். முகத்தைக் கூர்மையாக்கினால் பின்னால் இருக்கிற மரத்தைக் கலங்கலாக்கிவிடும். துளை அப்படிச் செய்வதில்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாய்வற்றலுக்கு ஒரு சாண் தள்ளி வைத்து எடுத்தேன். வற்றல் எவ்வளவு தெளிவோ, தூரத்தில் இருக்கிற குன்றும் அவ்வளவு தெளிவு. ரெண்டும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் ஒரே அளவு மங்கல். பெரியவர், சிறியவர், பக்கத்தில் இருக்கிறவர், தள்ளி இருக்கிறவர் என்று பார்க்காத ஒரு கண் கிடைத்துவிட்டது என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை நாலாவது நாள் உடைந்தது.

அன்றைக்குப் பாடம், அடுப்படி. பெரியம்மா விஷயம் மனதில் இருந்ததால் அம்மாவை எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சொன்னால் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பாள். சொல்லாமல் எடுப்போம் என்று மாவு டப்பா மேல் தீப்பெட்டியை வைத்துவிட்டு டேப்பைத் தூக்கினேன். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் அம்மா அங்கேதான் இருந்தாள். கேப்பைக் களி கிண்டினாள், விறகைத் தள்ளினாள், உப்பை எடுத்தாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள், திரும்பவும் கிண்டினாள். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பிலிமைக் கழுவி, செல்போனில் பிடித்து, கறுப்பை வெள்ளையாக மாற்றிக் காட்டினான் பையன். அடுப்பு இருந்தது. பானை இருந்தது. அஞ்சறைப் பெட்டி, சுவரில் சாய்ந்த சொளகு, ஆணியில் தொங்கிய கரண்டி எல்லாம் இருந்தன.

அம்மா இல்லை.

"ஆச்சி அசைஞ்சுக்கிட்டே இருந்துட்டாங்க மாமா. அசையிறது படத்துல விழாது" என்றான் அவன், சாதாரணமாக.

எனக்குச் சாதாரணமாக இல்லை. அடுப்படியில் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தவள் அவள். வைத்தவை எல்லாம் படத்தில் இருந்தன. வைத்தவள்தான் இல்லை.

பிற்பாடு தெரிந்துகொண்டேன், இது புதிய சங்கதி இல்லை. 1838-ல் பாரிஸ் நகரத்தில் டாகேர் என்பவர் உயரமான ஒரு ஜன்னலிலிருந்து தெருவைப் படம் எடுத்தார். ஜனங்களும் குதிரை வண்டிகளும் போய்வந்துகொண்டிருந்த தெரு. படம் பதியச் சில நிமிஷங்கள் பிடித்ததால் போனவர் வந்தவர் எல்லாரும் மறைந்துபோனார்கள். தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மூலையில் ஒரே ஒருவர் மட்டும் நிற்கிறார். ஒரு காலைத் தூக்கி வைத்துப் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். அசையாமல் நின்றதால் அவர் தப்பித்தார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் படத்தைத்தான் சொல்கிறார்கள். அவர் காலடியில் உட்கார்ந்து பாலிஷ் போட்டவரும் இருக்கிறார். ஆனால் வேலை செய்கிற உடம்பு அல்லவா? கலங்கலாகத்தான் தெரிகிறார்.

நின்றவருக்கு உருவம். உழைத்தவருக்குக் கலங்கல். புகைப்படக் கலை தொடங்கிய நாளிலேயே இந்தக் கணக்கு எழுதப்பட்டுவிட்டது போலிருக்கிறது.

அப்போது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளைப் பற்றி எழுதவும் படம் எடுக்கவும் வெளியூரிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. கரிசல் மண்ணின் எழுத்தாளர் பூமணி, இந்தப் பிள்ளைகளைப் பற்றி 'கருவேலம்பூக்கள்' என்று ஒரு சினிமாவே எடுத்தார். அந்தப் பிள்ளைகள் உலகத்தின் கண்ணில் பட வேண்டியிருந்தது, பட்டார்கள். பார்க்கப்படுவது லேசான விஷயம் இல்லை. ஆனால் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய தாய்மார்களை யாரும் தனியாகப் படம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. அது ஒரு வேலை மாதிரியே தெரியாது. கதை பேசிக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு இருக்கும்.

நாம் கெட்டவர்கள் இல்லை. அம்மாவை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் நம் கண்ணும் ஒரு ஊசித்துளைதான். நின்று, உட்கார்ந்து, தன்னைக் காட்டிக்கொள்கிறவர்கள் அதில் அழுத்தமாக விழுகிறார்கள். ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்த அப்பா எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறார். கண்ணாடி, மடித்த வேட்டி, பேப்பரின் மடிப்பு வரைக்கும். அதே நேரத்தில் அந்தக் கூடத்தைக் கடந்து நூறு தடவை போய்வந்த அம்மா எப்படி இருந்தாள் என்று யோசித்தால், காற்று போனது மாதிரிதான் இருக்கிறது. இது யார் குற்றம்? அசைந்தது அவள் குற்றமா? அசைந்தால்தானே உலை கொதிக்கும்.

மறுநாள் அம்மாவிடம் கெஞ்சினேன். "நாலே நாலு நிமிஷம். அந்த மணையில உட்காரும்மா. போட்டோ எடுக்கணும்."

"களி அடுப்புல கெடக்கு. கிண்டாம விட்டா கட்டி தட்டிரும்."

"இறக்கி வச்சிட்டு உட்காரு."

"பாதியில எப்படிய்யா எறக்குறது?"

எத்தனையோ தடவை இப்படி நடந்திருக்கிறது. கொஞ்சம் உட்காரும்மா என்று நாம் சொல்வோம். இருக்கட்டும் என்று அவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் நாம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நானும் அப்படியே போயிருப்பேன். பையன்தான் கேட்டான்: "நீங்க கிண்டுங்களேன் மாமா."

இவ்வளவு எளிதான பதில் நாற்பது வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை.

டேப்பைத் தூக்கிவிட்டுப் போய்த் துடுப்பை வாங்கினேன். அம்மா மணையில் உட்கார்ந்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியவில்லை. என் கையையே பார்த்தாள். "அடியோட சேத்துக் கிண்டு." "தீயத் தணி." அரை நிமிஷத்தில் அவள் கை தானாகப் பக்கத்தில் கிடந்த வெள்ளைப்பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தது. எனக்கு இரண்டாவது நிமிஷமே தோள் வலித்தது. புகை கண்ணைக் கரித்தது. நாலு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. களி கட்டி தட்டிப்போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் வந்தது. அம்மா உட்கார்ந்திருந்தாள். முகம் லேசாக மங்கல், ஆனால் அம்மாதான். நெற்றிச் சுருக்கம் வரைக்கும் இருந்தது. மடியில் கைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் படலம். பூண்டு உரித்த கை விழவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் புகை மாதிரி இன்னொரு கறை. அது நான்.

ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு படத்தையும் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். "மொத படத்துல நீ இல்லவே இல்லம்மா. இதுலதான் இருக்க."

அம்மா முதல் படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பானைக்கு மேலே விரலை வைத்தாள்.

"இல்லேன்னு யாரு சொன்னது? இந்தா, பானைக்கு மேல வெள்ளையா ஆவி மாதிரி நிக்கே, அது நாந்தானே. இந்தக் கரண்டி ரெண்டாத் தெரியுதுல்ல? எடுத்துத் திரும்ப மாட்டுனேன். விறகு உள்ள தள்ளியிருக்கு பாரு. பானை தானா கிண்டிக்கிருமா?"

நான் காலி அடுப்படி என்று பார்த்த படம் முழுக்க அவள் இருந்தாள். அவளுக்குத் தெரிந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. பிலிமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குறை படிக்கிற கண்ணில் இருந்திருக்கிறது.

இரண்டாவது படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "நீ காணாமப் போயிட்டயே" என்றாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம், மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாவகாசமாகக் கேட்டாள்: "நான் செத்தா எதப் போடுவ?"

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவளே சொன்னாள்: "ரெண்டையும் போடு."

இதைப் படிக்கிற நீங்கள் கேமரா செய்தாக வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. செய்தால் சந்தோஷம். இரண்டு ரூபாய்த் தீப்பெட்டியும் ஒரு ஊசியும் ஒரு பிலிம் ரோலும் போதும். வீட்டுக்குள்ளேயே எடுங்கள். ஆனால் கேமரா இல்லாமலும் இதைச் செய்யலாம். இன்றைக்கு உங்கள் வீட்டில் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கிறவர் யார் என்று பாருங்கள். அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், வேலைக்கு வருகிற அக்காவாக இருக்கலாம். 'கொஞ்சம் உட்காருங்களேன்' என்று வாயால் சொல்லாதீர்கள். அதை எல்லாரும் சொல்லியாயிற்று. அவர் கையில் இருக்கிற துடுப்பை வாங்குங்கள். நாலு நிமிஷம் நீங்கள் அசையுங்கள். ஒருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்றால், அவருடைய அசைவை இன்னொருவர் வாங்கிக்கொண்டுதான் ஆக வேண்டும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உட்கார்ந்தவரைப் பார்ப்பது பாதிதான். அசைகிறவரையும் பார்க்கப் பழக வேண்டும். அதற்குக் கவிழ்த்துவைத்த பாத்திரத்தையும், மடித்துவைத்த துணியையும், தண்ணீர் நிரம்பிய குடத்தையும் படம் மாதிரி படிக்கத் தெரிய வேண்டும். நான் இப்போதுதான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் பெரியம்மா படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மின்சார விளக்குச் சரம் போட்டிருந்தான். அதே பட்டுச்சேலை, அதே கல் அட்டிகை.

"அந்தப் பந்திப் படம் இருக்காண்ணே? வாளி தெரியுமே, அது" என்று கேட்டேன்.

"அதுல அம்மா முகமே இல்லையேடா. கைதானே இருக்கு. அத வச்சு என்ன செய்யப்போற?"

"இருக்கட்டும். குடுண்ணே" என்றேன்.